ஹோமரின் கடப்பாரை

வருகிறவர்கள் சுவரிலுள்ள வரைபடத்தில் தங்கள் ஊரைத் தேடி ஒரு குண்டூசி குத்திவிட்டுப் போவது அந்த அருங்காட்சியகத்தின் வழக்கம். அன்று வந்த கிழவரோ அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், அருங்காட்சியகம் இருக்கும் அதே ஊர் மேலேயே குத்தினார்.

"இது எங்க ஊராச்சே! இங்கயா பொறந்தீங்க?" என்றாள் அதை நடத்தும் வெர்னா.

"இல்லம்மா. ஆறு வயசுல இங்க செத்தேன்னு வச்சுக்க. அந்த ஓடை வளைவுல."

அறுபத்தாறாம் நெடுஞ்சாலையின் அந்த வளைவு விழுங்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. நசுங்கிய கார்களை இழுத்துப் போட்டவர் வெர்னாவின் அப்பா ஹோமர். அவர் பெயர் நிலைக்கத்தான் பழைய பெட்ரோல் பங்கை அவளும் தம்பியும் அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். நடுவே கண்ணாடிப் பெட்டியில், நசுங்கிய கதவுகளை அவர் நெம்பித் திறந்த கடப்பாரை. 'இது காப்பாற்றிய உயிர்கள் 41' என்று அட்டை வேறு.

கிழவர் அட்டையைப் படித்தார். கைத்தடியை ஓங்கி ஒரே போடு. கண்ணாடி சிதறியது.

"இதாலதான் உங்கப்பன் எங்கப்பா மண்டையப் பொளந்தான்! அவரு உசுரோட இருந்தாரு. செத்துக் கெடந்த எங்கம்மா விரல்லேர்ந்து உங்கப்பன் மோதிரத்த உருவினப்போ வேணாம்னு கைய நீட்டினாரு. அதுக்கு அடி! பின்சீட்டுக்கு அடியிலேர்ந்து நான் பாத்தேன்!"

தம்பி டெல்பர்ட் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தான். அவனுக்கு எப்போதும் கைதான் முந்தும்.

"யோவ் பெருசு! செத்த மனுசன் மேலயா சேத்த வாரி அடிக்கிற?"

முதல் குத்தில் பல் தெறித்தது. விழுந்தவரை விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் வெர்னாவுக்குக் கேட்டது.

"போதும்டா, செத்துருவாரு!"

"சாகட்டும்! அப்பாவத் திருடன்கிறான்!"

கிழவர் இரத்தத்தைத் துப்பினார். அவர் கண் வெர்னாவின் விரலிலிருந்த மோதிரத்தில் நின்றது.

"அதுதான். உள்பக்கம் 'என் ரூத்துக்கு'ன்னு இருக்கும். பக்கத்துல ஒரு மீனு. மீன் பிடிக்கப் போன எடத்துலதான் எங்கம்மாவ எங்கப்பா மொதல்ல பாத்தாரு."

வெர்னா கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. அடகுக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று சொல்லி அப்பா அம்மாவுக்குப் போட்டுவிட்ட மோதிரம் அது. அந்த மீனைக் காட்டி அம்மாவும் அவளும் எத்தனை முறை சிரித்திருக்கிறார்கள்!

அந்த மீன் டெல்பர்ட்டுக்கும் தெரியும். அதுதான் அவனுக்கு வெறியேற்றியது. கிழவரின் தொண்டையில் முழங்காலை வைத்து அழுத்தினான்.

"வாய மூடு! மூடுடா!"

கிழவரின் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டன. வெர்னா தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கிடந்த கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கி அவன் தோளில் இறக்கினாள்.

டெல்பர்ட் அலறிக்கொண்டு உருண்டான். "அக்கா... அப்பாவோட கடப்பாரையால என்னையேவா..."

"ஆமாடா. நாப்பத்தொண்ணுல எனக்குத் தெரிஞ்சு இது காப்பாத்துனது இந்த ஒரு உசுரத்தான்."

கிழவருக்கு மூச்சு திரும்பியது. வெர்னா ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் விரலில் எச்சிலைத் தடவி, இறுகிப்போயிருந்த மோதிரத்தைத் திருகினாள். தோலை உரித்துக்கொண்டுதான் வந்தது.