அண்ணி விழுந்த சைக்கிள்

மருத்துவமனையில் அவளைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவளுடைய கணவனின் தங்கையும் அதே வார்டில் நர்ஸ். அதனால் அவள் சின்ன சிஸ்டர். இருவரும் வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவளுக்கு இது முதல் முறை. பெரியவள் எழுத்திலும் வாசிப்பிலும் எப்படியோ கரையேறிவிடுவாள். பேச்சில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அரை மார்க் காலை வாரிவிடும்.

இந்த முறை சைக்கிளைப் பற்றிக் கேட்கிறார்களாம். பயிற்சி வகுப்பு மாஸ்டருக்கு எங்கிருந்தோ துப்பு கிடைத்திருந்தது. இரண்டு நிமிடப் பதிலையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா நீல நிற சைக்கிள் வாங்கித் தருகிறார், பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருகிறார், மகள் திரும்பிப் பார்த்தால் அவர் எப்போதோ கையை விட்டிருக்கிறார். வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அதே அப்பா, அதே நீலம்.

வீட்டில் கேள்வி கேட்பது கணவன் வேலை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவன், கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே செல்போனில் நேரம் வைப்பான். சின்னவள் தண்ணீர் குடிக்கிற மாதிரி மடமடவென்று ஒப்பித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். பெரியவள், “மை ஃபாதர்...” என்பாள். அப்புறம் மறுபடியும் “மை ஃபாதர்...” என்று முதலிலிருந்து தொடங்குவாள்.

“என்னம்மா, நேத்தும் இங்கதான் நின்ன.”

“எங்கப்பா எனக்கு சைக்கிள் வாங்கித் தரலைங்க. எனக்கு ஓட்டவே தெரியாது.”

“அது கேக்கறவனுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியுதே.”

அவள் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. கொடுக்காத ஊசியைக் கொடுத்ததாக எழுதிய ஒரு நர்ஸை வார்டை விட்டே அனுப்பியதை அவள் கண்ணால் பார்த்தவள். செய்யாததைச் செய்ததாகச் சொல்ல வாய் பழகவில்லை. தமிழில் என்றாலும் தடுமாறியிருப்பாள். ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம். பத்து படுக்கையை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவள், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை மாதிரி முழித்தாள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். “ஒரு தடவை ஓட்டிட்டேன்னா போதும். அப்புறம் அது பொய்யில்ல.”

“அண்ணி, இந்த வயசுலயா?” என்றாள் சின்னவள்.

“பின்சீட்டைப் பிடிக்கறியா மாட்டியா?”

ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்ததும் லேப் டெக்னீஷியனின் சைக்கிளை இரவல் வாங்கி, மருத்துவமனைக்குப் பின்னால் சலவைக்கூடத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். சின்னவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடினாள். பெரியவள் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி, காய்கிற படுக்கை விரிப்புகளைத் தாண்டி, நிஜமாகவே கொஞ்ச தூரம் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தாள். சின்னவள் தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அடுத்த நொடி சைக்கிள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். முட்டி சிராய்த்து, வலது கை மணிக்கட்டு உடம்பின் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டது.

“ஏண்டி விட்ட?”

“மாஸ்டர் பதில்ல அப்படித்தானே அண்ணி இருக்கு?”

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டு போட்டு அனுப்பினார்கள். கட்டுப் போட்ட டாக்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்கு வலியை விட மோசமாக இருந்தது.

பரீட்சை மையத்தின் வாசலில் கைரேகை எடுக்கும் பெண்ணுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். கட்டைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ரேகை எடுக்காவிட்டால் உள்ளே விடமாட்டார்களோ என்ற பதற்றத்தில் பெரிய சிஸ்டர் பேச ஆரம்பித்தாள். சைக்கிள், சலவைக்கூடம், நாத்தனார், டாக்டர் எல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழுந்தன. இறந்தகாலம், நிகழ்காலம் எதற்கும் அவள் காத்திருக்கவில்லை. அந்தப் பெண் சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். இடது கையை வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அவ்வளவுதான். அதற்கு மார்க் போட அங்கே ஆள் இல்லை.

உள்ளே தேர்வாளர் ரிகார்டரைத் தட்டிவிட்டு, அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். நீங்கள் போய் வந்த ஒரு மியூசியத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அதில் இருந்தது.

அவள் எந்த மியூசியத்துக்கும் போனதில்லை. போகவில்லை என்று சொன்னாள். பிறகு, போக வேண்டும் என்று ஆசை என்றாள். அதற்குமேல் என்ன சொல்வது? சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

வெளியே சின்னவள் காத்திருந்தாள். முகமெல்லாம் பல்.

“எனக்கு சைக்கிள் வந்துச்சு அண்ணி.”

“அப்புறமென்ன, நீலக் கலரை ஒப்பிச்சிருப்ப.”

“இல்ல. பாதியில மறந்து போச்சு. அதான்...” சின்னவள் தலையைச் சொறிந்தாள். “நீங்க விழுந்ததைச் சொல்லிட்டேன். டாக்டரைக்கூட விடல. கேள்வி கேட்ட அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

பெரியவள் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டாள்.

முடிவுகள் வந்தன. சின்னவள் தேறிவிட்டாள். பெரியவளுக்குப் பேச்சில் மறுபடியும் அரை மார்க் குறைவு. சின்னவள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். “என் முட்டி, உன் மார்க்” என்றாள் பெரியவள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது எதற்குச் சிரிப்பு என்று எரிச்சல் இன்னும் கூடியது. சின்னவளை விலக்கிவிட்டு, “போய் உங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணு, சந்தோஷப்படுவாங்க” என்றாள்.

கணவன் கதவோரம் தயங்கி நின்றான். “அடுத்த தடவை என்ன தலைப்பு வருதுன்னு மாஸ்டர்கிட்ட கேட்டு வைக்கட்டுமா?”

“அந்தாளு பேரை இந்த வீட்டுல எடுத்தீங்க, நடக்கறதே வேற.”

“சரி, கேக்கல. அப்ப பரீட்சை?”

இன்னும் முழுதாக மடங்காத மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவள் கைப்பையைத் தேடி எடுத்தாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

“தேதி போடுங்க” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.