ககன கேசரியின் ஜன்னல் பசை

மனித குலம் வானத்தை வென்ற வரலாற்றில் பரளச்சிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அந்த அத்தியாயம் முழுக்கத் தரையில் நடந்தது.

விமானம் கட்டியவர் காளிராஜ். பரளச்சியில் இருநூறு ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது மதராஸுக்குப் போனார். கூடப் போனவர்கள் கம்பளியும் கூடாரத் துணியும் வாங்கிவந்தார்கள். இவர் ஓர் இன்ஜினும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் வாங்கிவந்தார். புத்தகத்தில் படங்கள் இருந்தன. அது போதும் என்றார். தச்சர் ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு, களத்து ஓரத்தில் கொட்டகை போட்டு வேலையை ஆரம்பித்தார். விமானத்துக்கு உடம்பு வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. 'ககன கேசரி' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எழுதி, அதற்குச் சூடம் காட்டினார்கள்.

அருப்புக்கோட்டை நெசவாளி சௌடப்பனுக்கு இந்த விமானத்தின் மேல் முதலில் ஒரு விரோதமும் இல்லை. இறக்கைக்குத் துணி வேண்டும் என்று காளிராஜ் சொல்லி அனுப்பியபோது பூரித்துத்தான் போனார். ரேஷனில் கிடைத்த நூலையெல்லாம், மகள் கல்யாணச் சேலைக்கு என்று ஒதுக்கிய மெல்லிசு நூல் உட்பட, தறியில் ஏற்றி நாற்பது நாள் நெய்தார். தன் ஆயுளில் இதைவிட நெருக்கமான துணி நெய்ததில்லை என்று மனைவி லிங்கம்மாளிடம் சொன்னார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பரளச்சிக்கு பஸ் ஏறினார்.

காளிராஜ் துணியை வாங்கி, இரண்டு கையாலும் விரித்து, சூரியனுக்கு நேரே பிடித்தார். களத்தில் பருத்தி வேலைக்கு வந்த நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

“என்னய்யா சௌடப்பா, கொசுவலையா நெய்ஞ்சு கொண்டாந்திருக்கீரு? வெளிச்சம் தெரியுதே.”

“தெரியாது மொதலாளி. நல்லாப் பாருங்க.”

“நாந்தானய்யா பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தா, குருவம்மா பல்லு வெளக்காம வந்திருக்கது வரைக்கும் தெரியுது.”

களம் சிரித்தது. பண்ணையில் வேலை பார்க்கும் குருவம்மாளும் பல் தெரியச் சிரித்தாள். இறக்கைக்கு மதுரையிலிருந்து மில் துணி வந்தது. சௌடப்பனின் துணி, மாடு எட்டிப் பார்க்காமல் இருக்கக் கொட்டகை வாசலில் திரையாகத் தொங்கியது.

சௌடப்பன் வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிறவர். அன்றிலிருந்து காளிராஜைக் கன்னடத்தில் சபித்துவிட்டு, எதிரே பார்த்தால் தமிழில் கும்பிட்டார். இரண்டு பாஷை இருப்பதில் இந்த வசதி உண்டு. நாற்பது பேர் சிரித்தார்கள். எண்பது பேர் முன்னால் அந்த ஆள் தலை குனிய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து ஆடியில் வழி தானாக வந்தது. காளிராஜ் மறுபடி ஆள் அனுப்பியிருந்தார்.

“ஜன்னலு வைக்கணும் சௌடப்பா,” என்றார், பழைய சிநேகிதரிடம் பேசுவதுபோல. பழைய சங்கதி அவருக்கு நினைவே இல்லை. செய்ததையாவது மன்னித்திருக்கலாம். மறந்ததைச் சௌடப்பனால் மன்னிக்க முடியவில்லை.

ஜன்னலுக்கு இருந்தது பட்டாளத்து ஏலத்தில் கிடைத்த வழவழப்பான தகடு. கண்ணாடி மாதிரி தெரியும், கண்ணாடி இல்லை. ஐந்து இருந்தன. ஆண்டிச்சாமி ஆணி அடித்ததில் ஒன்று குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. மிச்சம் நாலையும் சட்டத்தில் ஒட்டத்தான் வேண்டும். புத்தகத்தில் சொன்ன பசை இங்கிலாந்தில் கிடைக்குமாம்.

“தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுற ஆளு நீரு. பசையப் பத்தி ஒம்மவிட யாருக்குத் தெரியும்? நீரு சொல்றதுதான் முடிவு.”

கொட்டகையில் பசைகளுக்குப் பரீட்சை நடந்தது. ஆண்டிச்சாமி தன் தொழில் பசையான வச்சிரத்தைக் காய்ச்சிக் கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாரிக்கனியிடமிருந்து டியூப் ஒட்டுகிற சொலூஷன் வந்தது. கருவேலம் பிசின் ஒரு கிண்ணம். நாலாவதாக, சௌடப்பன் வீட்டில் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்துக் காய்ச்சிய பசை.

எது சரி என்று சௌடப்பனுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. வெயிலில் தகடு விரியும், மரம் விரியாது; அதற்கு இழுத்தால் நீண்டுகொடுக்கிற பசை வேண்டும். மழைக்கும் அசையக்கூடாது. சொலூஷன்தான். ஆண்டிச்சாமிக்கும் அது தெரிந்திருந்தது.

“அண்ணாச்சி, தண்ணிக்குள்ள போட்டாலும் சைக்கிள் ஒட்டு விடாதுல்லா?” என்று காதோரம் கேட்டார்.

“விடாது. நீரு சும்மா இரும்.”

பிறகு சௌடப்பன் ஒவ்வொன்றாகக் கொன்றார். சொலூஷனை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “பெட்ரோல் வாடை அடிக்குது மொதலாளி. இன்ஜினு சூட்டுக்குப் பக்குனு பிடிச்சிரும். உள்ள இருக்கப் போறது நீங்க.” காளிராஜ் கிண்ணத்தைக் காலால் தள்ளிவைத்தார். வச்சிரத்துக்கு வேறு வழி. “மாட்டுத் தோலு, எலும்பு காய்ச்சினதுங்க. சூடம் காட்டுன வண்டி. ஒங்க இஷ்டம்.” காளிராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிசினைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குள் எறும்பு வந்திருந்தது.

ஆனாலும் காளிராஜ் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. விரிசல் விட்ட தகட்டின் ஒரு துண்டைப் புளியங்கொட்டைப் பசையால் பலகையில் ஒட்டச் சொல்லி, அதில் நாலு செங்கலைக் கட்டித் தொங்கவிட்டு, மூன்று நாள் வெயிலில் வைத்தார். கல் மாதிரி பிடித்தது. பலகையைத் தட்டினார், உலுக்கினார், ஆளைவிட்டு இழுக்கச் சொன்னார். தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர், பரளச்சி இருக்கிற திருச்சுழிச் சீமையில் சட்டென்று ஞாபகத்துக்கு வருகிற சாமான் அல்ல.

ஒட்டும்போது ஒரு சங்கடம் வந்தது. சௌடப்பனுக்கு மோசமாக வேலை செய்யத் தெரியவில்லை. தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய துணிப்பட்டி கொடுத்தார், விரிந்து சுருங்க இடம் வேண்டும் என்று. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்தார். பிசிறில்லாமல் துடைத்தார். பழிவாங்குகிற கை அவ்வளவு சுத்தமாக இருந்து யாரும் பார்த்திருக்க முடியாது.

“வெள்ளோட்டத்த எப்ப வச்சுக்கிடலாம்?” என்றார் காளிராஜ்.

“ஐப்பசில வைங்க மொதலாளி. ஆடிக்காத்தெல்லாம் அடங்கி, வானம் சும்மா கெடக்கும்.”

ஐப்பசி அடைமழைக் காலம் என்பதைக் காளிராஜ் மறந்திருந்தார். இரண்டு வருஷமாக ஐப்பசியே அதை மறந்திருந்தது.

சௌடப்பன் அதற்குப் பிறகு தினமும் சௌடேஸ்வரி அம்மன் கோயிலுக்குப் போனார். “தாயே, மழை,” என்பார். வேறொன்றும் கேட்பதில்லை. கோயிலுக்கு வருகிற விவசாயச் சம்சாரிகளுக்குக் கண் கலங்கியது. “நம்ம வெள்ளாமைக்காக நெசவுக்காரவுக இப்பிடி உருகுறாகளே,” என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் அவருக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்தார். அவருடைய தெருவில் மட்டும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. தெருவில் நீளமாகப் பாவு விரித்துக் கஞ்சி போடுகிற ஜனத்துக்கு மழையைப் போல விரோதி கிடையாது.

“பாவு காயப் போட்டிருக்கு, நீங்க மழைக்கு விழுந்து கும்பிடுறீக,” என்றாள் லிங்கம்மாள். “மண்டைக்குச் சரியில்லையா?”

“நாலு ஜன்னலு விழணும்,” என்றார் சௌடப்பன்.

புரட்டாசி வறண்டு போயிற்று. ஐப்பசி பத்தாம் தேதி வெள்ளோட்டம். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சௌடப்பன் அம்மனைக் கன்னடத்தில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு பஸ் ஏறினார்.

களத்தில் எண்பதல்ல, முந்நூறு பேர் இருந்தார்கள். தாசில்தாருக்கு நாற்காலி போட்டிருந்தது. அவர் வரவில்லை, நாற்காலிக்கு மாலை போட்டார்கள். காளிராஜ் தோல் குல்லாயும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, “தேசத்துக்குச் சுதந்திரம் வந்தாச்சு, பரளச்சிக்கு றெக்கை வந்தாச்சு,” என்று பேசினார். பிறகு கூட்டத்தில் ஒதுங்கி நின்ற சௌடப்பனைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“ஒட்டுன ஆளு கூட வரணும். பின்னால பலகையில ஏறி ஒக்காரும்.”

“எனக்கெதுக்கு மொதலாளி...”

“பயப்படாதேயும். ஒம்ம பசைய நம்பி நானே வாரேன்.”

முந்நூறு பேர் பார்க்கையில் மறுக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஜன்னல்கள், அவர் கையால் ஒட்டியவை, அசையாமல் பளபளத்தன.

இன்ஜின் கத்தியது. ககன கேசரி கொட்டகையிலிருந்து பாய்ந்து, களத்தைத் தாண்டி, புஞ்சைக் காட்டுக்குள் இருபது கஜம் ஓடியது. அங்கே கரிசல் வெடிப்பு ஒன்றில் இடது சக்கரம் இறங்கியது. இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முந்நூறு பேரும் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த கணம் சிரிக்கப் போகிறார்கள் என்று சௌடப்பனுக்குத் தெரிந்தது. எட்டு மாதமும் மூன்று மாதமும் இந்தக் கணத்துக்குத்தான்.

அப்போது இடித்தது. கிழக்கே எப்போது ஏறியதென்று தெரியாமல் ஏறிய மேகம் தலைக்கு மேல் வந்து கொட்டிவிட்டது.

அம்மன் தாமதமாகத்தான் கேட்டாள், ஆனால் முழுதாகக் கேட்டாள். பசை முதலில் வெளுத்தது. பிறகு கூழானது. இடது பக்கத்து முதல் ஜன்னல் மெதுவாக நழுவி சௌடப்பன் மடியில் விழுந்தது. பிறகு இரண்டாவது. வலது பக்கத்தவை இரண்டும் சேர்ந்தே வந்தன. அவற்றோடு கொழகொழவென்று பசையும் துணிப்பட்டியும் வழிந்து பலகை முழுக்கப் பரவின. சௌடப்பன் ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, ஊர் சிரிப்பதைப் பார்க்கத் திரும்பினார்.

முதுகுகள் தெரிந்தன. முந்நூறு பேரும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு அடைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மழை. எவன் விமானத்தைப் பார்ப்பான்? காளிராஜ் குல்லாயைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் குதித்தார்.

“வண்டிச் சத்தத்துக்கு மேகமே ஒடஞ்சிருச்சு, பாத்தீரா?” என்றார். “தகட்டப் பத்திரமாப் பிடிச்சுக்கிட்டு இரும். வரப்பப் பாத்துட்டு வாரேன்.”

அவரும் ஓடினார். மழை அரை மணி நேரத்தில் நின்றது. பிறகு வெயில், ஐப்பசி வெயில், சாட்டை மாதிரி. சௌடப்பன் நாலு தகட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்க ஆளில்லாத தன் வெற்றியோடு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார்.

நாலு மணிக்குக் குருவம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இன்னும் வானத்துலயா இருக்கீக? எறங்குங்க.”

சௌடப்பன் எழப் பார்த்தார். வேட்டி எழவில்லை. மூன்று நாள் நாலு செங்கலைத் தாங்கிய பசை அது.

“ஏலலம்மா,” என்றார்.

அவள் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். “ஆத்தாடி, பலகையோட வருது. ஒரு குடம் தண்ணி ஊத்தினா விட்டுரும்ல?”

ஊற்றினால் விட்டுவிடும். அதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தபோது, முழங்கால்வரை சேற்றோடு காளிராஜும் பின்னால் ஆண்டிச்சாமியும் வந்து நின்றார்கள். காளிராஜ் தகடுகளைப் பார்த்தார்.

“என்னய்யா, நாலும் வந்திருச்சு? ஒம்ம பசை தண்ணிக்குக் கரையுமோ?”

ஆண்டிச்சாமி சௌடப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரையாது மொதலாளி,” என்றார் சௌடப்பன். “இன்ஜினு அதிர்ச்சி.”

“அதான பாத்தேன். பின்ன என்ன, எந்திரிச்சு வாரும்.”

“தண்ணி கொண்டாரவா அண்ணாச்சி?” என்றார் ஆண்டிச்சாமி, மெதுவாக.

“வேண்டாம்,” என்றார் சௌடப்பன். “தண்ணிக்கு அசையாது.”

பிறகு சௌடப்பன் வேட்டி முடிச்சை அவிழ்த்தார். குருவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வாசலில் தொங்கிய திரையை உருவி, திரும்பிப் பார்க்காமலே பின்கையால் நீட்டினாள்.

“இத உடுத்திக்கிடுங்க. கெட்டித் துணின்னு நீங்கதான சொன்னீக.”

கோவணத்தோடு இறங்கிய சௌடப்பன் அதைச் சுற்றிக்கொண்டார். சேறு, மாட்டுச் சாணம், பதினோரு மாதத்துத் தூசி. இருந்தாலும் நெருக்கமான நெசவு என்று கை சொன்னது. தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். பாதை நேர் மேற்கே போகிறது. சூரியன் எதிரே நின்றது. குருவம்மாள் இருபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

துணியில் வெளிச்சம் தெரிந்தது.