ஆர்ச்சி சொன்ன தூரம்

முதல் பந்த அடிக்கிறதுக்கு முன்னாடியே ரோனா சொல்லிட்டா. "எனக்கு யாரும் எதையும் விட்டுக் கொடுக்க வேணாம். ஒவ்வொண்ணும் குழிக்குள்ள விழணும். இன்னிக்கு நான் கார்டுக்கு ஆடுறேன், அடிக்கிற ஒவ்வொண்ணும் எண்ணிக்கையில ஏறணும்."

முர்டோ பென்சில காதுல சொருகிக்கிட்டு, "சரிம்மா, விழட்டும்"னாரு. பக்கத்துல அவரோட மச்சான் ஆர்ச்சி, கையுறைய மாட்டிக்கிட்டே, "இவருகிட்ட சொல்லு. நான் எங்கம்மாவுக்கே விட்டுக் கொடுத்ததில்ல"ன்னாரு.

அபர்டீன் முனிசிபல் கோல்ஃப் மைதானத்துல அப்படித்தான். தனியா போய் நின்னா, சீட்டு கிழிக்கிறவன் யாரோடயாச்சும் சேர்த்து விட்டுருவான். சனிக்கிழமை காலையில ரோனாவுக்கு வாய்ச்சது இந்த ரெண்டு கிழவனுங்க. முர்டோ மீன் மார்க்கெட்ல ஏலம் விட்ட ஆளு, இன்னும் அந்தக் குரல்லதான் பேசுவாரு. ஆர்ச்சி, ரோனா வேலை பாக்குற அதே பஸ் டிப்போல வண்டி ஓட்டி ரிட்டையர் ஆனவரு. நாப்பது வருஷமா சனிக்கிழமை தவறாம ரெண்டு பேரும் மோதுவாங்க, தோத்தவரு ஜெயிச்சவருக்கு ஒரு உப்பு ரொட்டி வாங்கித் தரணும். அவங்க ஆட்டத்துல மொத்த அடி யாருக்கும் கவலையில்ல, எந்தக் குழி யாருக்குங்கிறது மட்டும்தான். அதனால பந்து குழிக்கு ஒரு சாண்ல நின்னுட்டா, "போட்ட மாதிரிதான்"னு சொல்லி எதிராளியே மட்டையால அதத் திருப்பித் தட்டி விட்டுரலாம். முர்டோ அதுல தாராளம். ஆர்ச்சி வாயில அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்ல.

ரோனாவோட கணக்கு வேற. வருஷா வருஷம் ஆகஸ்ட்ல இவங்க டிப்போவும் டண்டீ டிப்போவும் மோதும், பன்னெண்டு பேரு டீம். பதினாலு வருஷமா அதுல ஒரு பொம்பள பேரு ஏறினதில்ல. டீம் எடுக்குற ஃபெர்கஸ் மோசமானவன் இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். "பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து நூத்துக்குள்ள ஒரு கார்டு கொண்டா, கூட ஆடினவரு கையெழுத்தோட. பேரு ஏறும்." அவ நூத்தி நாலு போட்டா, நூத்தி ஒண்ணு போட்டா, போன மாசம் சரியா நூறு போட்டா. நூறுன்னா நூத்துக்குள்ள இல்லையான்னு கேட்டதுக்கு டிப்போ கேன்டீன் மொத்தமும் சிரிச்சுது. லிஸ்ட் இன்னிக்கு நாலு மணிக்கு ஒட்டிருவாங்க.

பயமெல்லாம் இல்ல அவளுக்கு. பதினோரு வருஷமா மாடி பஸ் ஓட்டுறா. தரை எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்ணு சொல்றதுக்கு முன்னாடி அவ இடுப்பு சொல்லிரும். குழியில கொடி நட்டு, புல்ல ஒட்ட வெட்டியிருக்கிற கிரீன்ல மத்தவங்க முட்டி போட்டு ஒத்தக் கண்ண மூடிப் பாப்பாங்க, இவ ரெண்டு காலையும் அகட்டி நின்னு ஒரு மூச்சு விடுவா, அவ்ளோதான், அடிச்சிருவா. பாதி ஆட்டத்துல நாப்பத்தி எட்டு. முர்டோ கார்டுல எழுதிட்டு அவளப் பாத்தாரு. "பஸ் இப்படித்தான் ஓட்டுவியா?"

"பஸ்ஸ இன்னும் வேகமா ஓட்டுவேன்."

"அதான் என் ஸ்டாப்ல நிக்கிறதே இல்ல போல."

பதினாலாவது குழியில கடல்லருந்து மூட்டம் உள்ள வந்துச்சு, கொடியே காணோம். பந்து முள்ளுப்புதர்ல போச்சு, அதுலருந்து மணல் பள்ளத்துல, அங்க ரெண்டு அடி வீண். அந்தக் குழிக்கு எட்டு. ஆர்ச்சி மூக்க உறிஞ்சுனாரு. ரோனா காலணியில இருந்த மணலக் கொட்டிட்டு, "சரி, அது முடிஞ்சுது"ன்னு அடுத்ததுக்கு நடந்தா. பதினஞ்சுல நாலு, பதினாறுல அஞ்சு. பதினேழு முடிஞ்சப்ப தொண்ணூத்தி மூணு. கடைசிக் குழிய ஆறுல முடிச்சா தொண்ணூத்தொம்பது. அது மூணு பேருக்கும் தெரியும்.

முதல் அடி நல்ல அடி. ரெண்டாவது நெட்டப் புல்லுக்குள்ள போச்சு. மூணாவது அதுலருந்து வெளிய வந்துச்சு, நாலாவது கிரீன்ல ஏறிருச்சு. ஆனா கொடிக்கு ஒரு பஸ் நீளம் தள்ளி. இடது பக்கம் சாயுது, காலுக்குத் தெரிஞ்சுது. அடிச்சா. பந்து வளைஞ்சு வளைஞ்சு போய், குழிய எட்டிப் பாத்துட்டு அதோட வாய்க்குப் பக்கத்துல நின்னுருச்சு. அஞ்சு. இன்னும் ஒரு தட்டு.

ரோனா அத நோக்கி நடந்து வர்றா. அதுக்குள்ள கொடிக்கிட்ட நின்ன முர்டோ, "அருமை, போட்ட மாதிரிதான்"னு சொல்லிக்கிட்டே மட்டையால அந்தப் பந்தத் தட்டி அவ பக்கமே திருப்பி விட்டுட்டாரு.

பந்து உருண்டு வந்து அவ காலுல முட்டுச்சு.

முர்டோவுக்கு அப்பதான் உறைச்சுது. மட்டைய ஏதோ சுட்ட மாதிரி கீழ போட்டாரு. "ஐயோ பொண்ணே. கை தானா போச்சு. நாப்பது வருஷப் பழக்கம்."

நாயக் கூட்டிக்கிட்டு குறுக்க போன ஒரு அம்மா கூட, என்னமோ நடந்துருச்சுன்னு நின்னுட்டாங்க.

"எழுதிடறேன்"னாரு முர்டோ. "தொண்ணூத்தொம்பது. நாய் மூக்கால தள்ளினாக்கூட விழுந்திருக்கும். என் கையெழுத்து, என் பொறுப்பு."

விழுந்திருக்கும்தான். அதுல அவளுக்கே சந்தேகமில்ல. ஃபெர்கஸ் கேக்கவும் மாட்டான், சுவத்துல பேரெழுதி ஒட்டிருவான். ஆனா போன மாசம் புதருக்குப் பின்னாடி, ஒருத்தரும் பாக்காத இடத்துல, மட்டை காத்துல போச்சு, பந்து அசையவே இல்ல. அத அவ ஒண்ணுன்னு எண்ணினா. எண்ணாம விட்டிருந்தா அன்னிக்கே தொண்ணூத்தொம்பது, கேன்டீன் சிரிப்பு கிடையாது. இன்னிக்கு விழாத பந்த விழுந்ததா எழுதினா, அன்னிக்கு எண்ணினவ யாரு, பைத்தியமா?

"விழலையே முர்டோ"ன்னா. பந்தக் கையில எடுத்தா. "இருந்த இடத்துலயே வச்சு அடிக்கிறேன். எங்க இருந்துச்சு?"

முர்டோ அவசரமா குழிகிட்டக் குனிஞ்சு விரல வச்சாரு. "இங்க. ஒரு சாண் கூட இல்ல. அரைச் சாண்."

ரோனா திரும்பினா. "ஆர்ச்சி?"

ஆர்ச்சி தாடையத் தேய்ச்சாரு. குழியப் பாத்தாரு, அவளப் பாத்தாரு. மெதுவா நடந்து வந்து, தன் மட்டையக் குழி விளிம்புலருந்து தரையில கிடத்தி, பிடிக்குக் கொஞ்சம் கீழ பெருவிரல வச்சாரு. "எனக்கு இங்கன்னு தெரிஞ்சுது."

"டேய் மச்சான்"னாரு முர்டோ, குரல் ஏலத்துக்குப் போயிருச்சு. "உனக்கு மனசு இருக்கா இல்லையா? அது அவ்ளோ தூரமா?"

"பொண்ணு கேட்டா, எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்."

"உனக்கு மட்டும்தான் அங்க தெரியும், கஞ்சப் பிசினாரி."

ரோனாவுக்கு சிரிப்பு வந்துச்சு. அடக்கல. டிப்போல ஆர்ச்சிய தெரியாதவன் இல்ல. அந்தாளு அளந்த தூரத்துலருந்து விழுந்ததுன்னா, டண்டீலருந்து ஆள் வந்து கேட்டாலும் பதில் இருக்கு. ஃபெர்கஸோட தாத்தா கல்லறையிலருந்து எந்திரிச்சு வந்து கேட்டாலும் இருக்கு.

"ஆர்ச்சி சொன்ன இடம்தான்"ன்னு சொல்லி, அவரு பெருவிரல் எடுத்த இடத்துல பந்த வச்சா.

முர்டோ திரும்பி நின்னுக்கிட்டாரு. ஆர்ச்சி மட்டைய எடுத்துக்கிட்டு நாலடி பின்னால போய், தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. அந்த அம்மா நாயோட கயித்த இழுத்துப் பிடிச்சாங்க.

ரோனா காலை அகட்டி நின்னா. இங்க சாய்வு வலது பக்கம், ரொம்பக் கொஞ்சம். ஒரு மூச்சு விட்டா. தட்டினா.

ஈரப் புல்லுல ஒரு கோடு கிழிச்சுக்கிட்டு பந்து போகுது. அது இன்னும் பாதி வழியிலதான், ரோனா மட்டையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அதுக்குப் பின்னாலயே கைய நீட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா, குழிக்குள்ளருந்து எடுக்கப் போற மாதிரி.