பின்சீட்டில் அப்பா

அம்மா மகனுக்கு போன் போட்டு மூன்று விஷயம் சொன்னாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அப்பாவோடு பேச்சு நின்று நாலு நாள் ஆகிறது. அவன் உடனே லீவு போட்டுவிட்டு வரவேண்டும்.

அப்பா முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு கியர் போடச் சொல்லித் தந்தவர். ஐம்பத்தெட்டு வயதில் அம்மாவுக்கும் ஆசை வந்தபோது பெருமையாகத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சிக்னலில் வண்டி இரண்டு தடவை அணைந்துபோக, "உனக்கெல்லாம் இது வராது" என்று சொல்லிவிட்டார். அம்மா சாவியை உருவிக்கொண்டு இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்கூல் போர்டு மாட்டிய கார் அப்பாவோடு நடுரோட்டில் நிற்க, பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தி, வண்டிக்கு என்ன ஆச்சு சார் என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்களாம்.

மகனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழையது ஒன்றும் ஞாபகம் வந்தது. ஸ்கூலில் உதவிக்கு நின்ற நாளில், எட்டு மாணவர்கள் முன்னால், அதே வார்த்தையை அவனிடமும் சொல்லியிருந்தார் அப்பா. அன்றைக்கு மூட்டை கட்டியவன் வேறு ஊருக்குப் போய், வீம்புக்கு டவுன் பஸ் டிரைவர் ஆனான். ஆறு வருஷமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்தால், எல்லாச் செய்தியும் அவன் வழியாகவே போனது. சாப்பாடு ஆறுகிறது என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னாள் அம்மா. பசிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார் அப்பா. மூவரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வருஷ வைராக்கியம் இந்தத் தூதிலேயே, முதல் வேளைச் சாப்பாட்டோடு, உடைந்தது.

மறுநாள் காலை அம்மா ஸ்டியரிங்கைப் பிடிக்க, மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். கிளம்பும் நேரம் பின்கதவைத் திறந்து அப்பாவும் ஏறிக்கொண்டார். ஸ்கூல் வண்டி, ஓனர் கூட இருக்கணும் என்றார். சொல்லித்தருபவரின் சீட்டில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பின்சீட்டில் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா வெறுந்தரையை மிதித்தார். ஒரு தடவை மிதித்த வேகத்தில் செருப்பு முன்சீட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. அம்மா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஒரு ஏற்றத்தில் வண்டி அணைந்து பின்னால் உருண்டது. மகன் தன் பிரேக்கை மெல்ல அழுத்தி நிறுத்தினான்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. ஹாரன் அடிக்கிறவங்க அடிக்கட்டும்."

அம்மா மூச்சை இழுத்து விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தாள். வண்டி ஏறிவிட்டது.

"பஸ்லயும் நீ இப்படித்தான் ஓட்டுற" என்றார் அப்பா.

"நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"ரெண்டு தடவை வந்தேன். கூட்டத்துல பின்வாசல்ல ஏறி நின்னேன். ஒரு வயசானவங்க உட்கார்ற வரைக்கும் நீ வண்டிய எடுக்கல." கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா."

மகனுக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அம்மாதான் ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"எனக்குச் சொன்னது?"

"அதுவும்தான்."

டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கம்பத்தை இடித்து அம்மா பெயிலானாள். அழுதால் எப்படித் தேற்றுவது என்று அப்பாவும் மகனும் வாசலில் குசுகுசுத்துக்கொண்டிருக்க, அவள் அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்காக மகன் மறுபடி ஊருக்கு வந்தான். ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அப்பா ஸ்டேஷனில் நின்றிருந்தார். இந்தத் தடவை அம்மா பாஸ். அன்று மதியமே அவள் ஓட்ட, மூவரும் ஊர் முழுக்கச் சுற்றினார்கள். அப்பா வழியில் வாயைத் திறக்கவேயில்லை. அந்த நிபந்தனையில்தான் அம்மா அவரை வண்டியில் ஏற்றியிருந்தாள்.