அளவு நோட்டில் பத்தொன்பதாம் பக்கம்

தையற்காரிக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். ஆனால் வாடிக்கைக்காரர்களின் அளவை மட்டும் அவள் யாரிடமும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அவள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். புதன்கிழமை காலை அதிலும் மண் விழுந்தது.

கடைக்கு வந்த நர்ஸ் உட்காரக்கூட இல்லை.

“அக்கா, ஞாயித்துக்கிழமையிலிருந்து எவனோ போன் பண்றான். என் மார்பு, இடுப்பு அளவையெல்லாம் இஞ்ச் பிசகாம சொல்றான். வெள்ளிக்கிழமை கவுன் வாங்க வருவேன்னும் அவனுக்குத் தெரியுது. டியூட்டி முடிஞ்சு தனியா நடந்து போறவ நான். உங்க நோட்டுல இருக்கறது அவனுக்கு எப்படிப் போச்சு?”

“சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்றேன்.”

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பெயர், போன் நம்பர், அளவு, உடை கொடுக்கும் தேதி எல்லாம் எழுதிய அந்த நோட்டு மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும். சாவி இரண்டு. ஒன்று அவளிடம். இன்னொன்று, வாரத்தில் மூன்று நாள் வந்து பட்டன் தைத்துத் தரும் நாத்தனாரிடம்.

அன்று நாத்தனார் வந்ததிலிருந்து தையற்காரி கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அவள் அதிகம் பேசாதவள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? போனைப் பார்த்துச் சிரிக்கிறாள், உடனே கவிழ்த்து வைக்கிறாள். மடியில் கனமில்லாதவள் எதற்குக் கவிழ்த்து வைக்க வேண்டும்?

“நம்ம நோட்டை யாருக்காச்சும் காட்டினியா?”

“நான் எதுக்கு அண்ணி காட்டப் போறேன்?”

பதில் சட்டென்று வந்தது. முன்பே யோசித்து வைத்திருக்கிறாள், கள்ளி!

நாத்தனார் கை கழுவப் பின்பக்கம் போனாள். தையற்காரி அவள் போனை எடுத்தாள். ‘ட’ மாதிரி கோடு இழுத்தால் திறக்கும். தோளுக்குப் பின்னால் நின்று எப்போதோ பார்த்து வைத்ததுதான். அடுத்தவள் போனைத் திறப்பது தப்பு என்று தெரிந்தும், திருடியைப் பிடிக்க வேறு வழி ஏது என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

உள்ளே முதல் பெயரே ‘அண்ணி’ என்றிருந்தது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, சனிக்கிழமை மாலை அனுப்பியது:

“அண்ணி, நீங்க ஸ்டேட்டஸ்ல போட்ட கவுன் படத்துல, பின்னாடி மேசைல நோட்டு திறந்து கிடக்கு. பெருசாக்கினா பேரு, நம்பர் எல்லாம் தெரியுது. உடனே எடுத்துடுங்க.”

அந்தச் செய்தியைத் தையற்காரி பார்க்கவே இல்லை. நாத்தனார் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் பொறுக்காமல், அவள் பெயரை மியூட்டில் போட்டுப் பல மாதம் ஆகிறது. தன் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். பத்தொன்பதாம் பக்கம், நர்ஸின் பக்கம், தையற்காரியின் கொட்டை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. “இருநூத்திப் பன்னெண்டு பேரு பார்த்திருக்காங்க!” என்று கணவனிடம் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதில் எவன்?

நாத்தனார் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள்.

“திங்கக்கிழமை வந்தப்ப ஸ்டேட்டஸ்ல அந்தப் படம் இல்ல. நான் சொன்னதைப் பார்த்துட்டு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணி.” கையை நீட்டினாள். “என் போனு.”

தையற்காரி கொடுத்தாள். படத்தை அவள் எடுக்கவில்லை; ஒரு நாள் முடிந்ததும் ஸ்டேட்டஸிலிருந்து அது தானாகவே மறைந்திருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு நர்ஸை அழைத்தாள்.

“யாருன்னு தெரிஞ்சுதாக்கா?”

“போன் பண்றவன் யாருன்னு தெரியலம்மா. உன் அளவை ஊருக்கே காட்டினது நான்தான். வா, போலீஸ்ல சொல்லுவோம், நானும் வர்றேன். கவுனை உன் வீட்டுக்கே கொண்டுவந்து தர்றேன்.”

பக்கத்தில் நாத்தனார், போனை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, அதன் பூட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.