பத்தடி தூரம்

மாமனாரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, இடது தோளுக்குக் கீழே தோல் லேசாகப் புடைத்திருந்த இடத்தில் சோதனைக் கருவியை வைத்தாள் டெக்னீஷியன். உள்ளே இருக்கும் பேஸ்மேக்கர் ஒழுங்காக வேலை செய்வதாகத் திரை காட்டியது.

"செல்போனை மேல்பாக்கெட்டுல வைக்கிறதில்லையே ஐயா?"

"பாக்கெட்டா! போன் அடிச்சாலே நான் மாடிப்படிக்குப் போயிடுவேன்மா. பத்தடி தள்ளி நிக்கணுமே."

"பத்தடியா? யார் சொன்னது?"

சுவரோர நாற்காலியில் இருந்த மருமகள் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

சொன்னது அவள்தான். ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் அவர் எந்நேரமும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் அக்காவோடு போனில் பேசும்போதெல்லாம், "யாரு? என்னவாம்?" என்பார். அக்காவிடம் பேசியதில் பாதி அவரைப் பற்றித்தான். அவர் இருமலைப் பற்றி, குளியலறையை அவர் ஈரமாக்கிவிட்டு வருவதைப் பற்றி. ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்: "மாமா, யாராவது போன் பேசினா நீங்க பத்தடி தள்ளி இருக்கணுமாம். டாக்டர் சொன்னார்." அப்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. போனை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் இழுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மணி அடித்தால் எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். தூரத்திலிருக்கும் மகள் வீடியோவில் கூப்பிட்டால், எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று கையை ஆட்டினார். "அப்பாவுக்கு என்மேல என்ன கோபம் அண்ணி? கிட்டவே வரமாட்டேங்கிறாரே" என்று நாத்தனார் கேட்டபோது, "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்" என்று சொல்லி வைத்தாள். அந்தப் பதில் இப்போது கன்னத்தைச் சுட்டது.

"ஒரு சாண் தள்ளி இருந்தாப் போதும் ஐயா. வலது காதுல வச்சுப் பேசுங்க, நெஞ்சுமேல சாய்ச்சு வச்சுக்காதீங்க. அவ்வளவுதான். யாரு உங்களை இப்படிப் பயமுறுத்தினது?"

மருமகள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாமனார் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார். "யாரும் இல்லம்மா. நான் பிறவி பயந்தாங்கொள்ளி. ஊசின்னாலே கட்டிலுக்கடியில போறவன்."

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. நாத்தனார். பழக்க தோஷத்தில் அவர் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"மாமா, உட்காருங்க." அவள் போனை நீட்டினாள். "டாக்டர் அப்படிச் சொல்லல. நான்தான்…"

"சரி சரி, கட்டாயிடப் போகுது, கொடு." வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கி, "நீ கொஞ்சம் தள்ளிப் போம்மா. உன்னைப் பத்தித்தான் பேசப் போறோம்" என்றார்.

அவள் போய் மாடிப்படியில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கூடத்தில் பேசுவது அங்கே ஒரு சொல் விடாமல் கேட்டது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இத்தனை நாளும் அக்காவிடம் அவள் சொன்ன ஒவ்வொன்றும் இங்கேதான் வந்து விழுந்திருக்கிறது.

"ஆமாடா, அண்ணிதான் கூட்டிட்டுப் போச்சு. கோபமா? உன்மேலயா? சீச்சீ… எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். அண்ணி நல்லாப் பாத்துக்குது."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு குறையாவது சொல்லமாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.