சுவக்கீன் அடித்த கேஸ்

சித்திரபுரத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கும் சுவக்கீனுக்கு உலகத்தில் ஒருவரையும் மதிக்கத் தோன்றியதில்லை. ரிசார்ட் மேனேஜர்கள் என்றால் டை கட்டிய மாடுகள். கம்பெனி மெக்கானிக்குகள் என்றால் ஸ்டிக்கர் ஒட்ட மட்டும் படித்தவர்கள். கொஞ்ச நாளாக விஞ்ஞானிகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார். அதில் அவர் பெற்ற மகள் ஜிஸ்மியும் அடக்கம்.

பின்னே என்ன? வடதுருவத்துக் கடலுக்குக் கப்பலில் போய், ஒவ்வோர் ஆழத்திலும் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, கொச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஜீப்பில் ஏற்றி, பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் வைத்து ஆராய்கிறார்களாம். கொச்சிக் காற்றில் ஏசிக் கடைகளின் வாயு கலந்திருக்கிறதாம். மலைக்காற்றுதான் சுத்தமாம். இந்தக் கூத்துக்கு அரசாங்கச் சம்பளம் வேறு.

"தண்ணிய மோந்து பாக்கவா உன்ன இம்புட்டுப் படிக்க வச்சேன்?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார்.

ஜிஸ்மி பொறுமையாகத்தான் சொன்னாள். "முன்னாடி ஃபிரிட்ஜுக்கு நீங்க அடிப்பீங்களே, தடை பண்ணிட்டாங்களே, அந்த கேஸ்தான்பா விஷயம். அது காத்துல கலந்து கடலோட மேல்தண்ணியில கரையும். அந்தத் தண்ணி குளுந்து, கனத்து, கீழ எறங்கும்போது கேஸும் கூடப் போவும். எந்த அடுக்குல எவ்வளவு கேஸ் இருக்குன்னு பாத்தா, அந்தத் தண்ணி எப்ப மேல இருந்துச்சுன்னு தெரிஞ்சிரும். கேஸே இல்லன்னா, மனுசன் ஃபிரிட்ஜ் செய்யறதுக்கு முந்தியே கீழ போன தண்ணி. அடித்தண்ணி அப்படித்தான்னு நாங்க நெனைக்கோம். அத நான் காட்டிட்டா, அடுத்த கப்பல்ல என் பேரு உண்டு."

இதுவரை மற்றவர்கள் பிடித்து வந்த தண்ணீரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். துருவத்துக் கடலைப் பார்த்ததில்லை.

"நான் தொறந்து விட்ட கேஸத் தேடிக்கிட்டு எம்மக துருவத்துக்குப் போறா," என்று சுவக்கீன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி கத்தரீனாள், "வாய மூடிட்டுத் தின்னுங்க," என்றாள்.

சனிக்கிழமை ஜிஸ்மி போனில் தன் மேலதிகாரி சிவப்பிரகாஷிடம் பேசியதை அவர் ஒட்டுக்கேட்டார். குப்பிகள் இருக்கும் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை. கம்பெனி ஆள் திங்கட்கிழமைதான் வருவான். அதுவரை குப்பிகளைக் காப்பாற்ற ஐஸ்பெட்டிகளோடு ஞாயிற்றுக்கிழமை சாரே வருகிறாராம். அந்த சார் லேசுப்பட்ட ஆளில்லை. ஜிஸ்மியோடு வேலை பார்த்த பூபதிராஜா என்றொரு பையன் தன் மச்சானைக் கூட்டிவந்து கேஸ் அளக்கும் மெஷினைக் காட்டினான் என்பதற்காகவே கப்பலிலிருந்து அவன் பெயரை வெட்டியவர்.

ஒரு ஃபிரிட்ஜுக்காகக் கொச்சியிலிருந்து கார் வருகிறது. சுவக்கீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பன் வீட்டிலேயே இருக்கிறான். ஒரு வார்த்தை கேட்டாளா?

ஞாயிறு காலை தாயும் மகளும் பூசைக்குப் போனார்கள். சுவக்கீன் ஜிஸ்மியின் பையிலிருந்து சாவியை எடுத்தார். தடை வருவதற்கு முன்பே வாங்கிப் பதுக்கி வைத்திருந்த கடைசி சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் பங்களாவுக்குப் போனார். பின்பக்கக் குழாயில் பொடி ஓட்டை. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று காறித் துப்பினார். குழாய்க்குள் கேஸைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து, ஓட்டையைப் பற்றவைத்து, மறுபடி கேஸ் அடித்தார். ஃபிரிட்ஜ் சமர்த்தாகக் குளிர்ந்தது.

பூசை முடிந்து நேராக அங்கே வந்த ஜிஸ்மி, அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் சிலிண்டரைப் பார்த்தாள்.

"என்ன கேஸ்பா அடிச்சீங்க?"

"பழசுதான். அசல் சரக்கு. எவனுக்கும் குடுக்காம வச்சிருந்தேன்."

அவள் மெஷினை ஓடவிட்டாள். திரையில் கோடு கிடுகிடுவென்று ஏறி விளிம்பைத் தாண்டிப் போனது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மெஷினுக்குள்ள, குப்பிக்குள்ள, எல்லாத்துலயும் ஏறிருச்சு. இனி அடித்தண்ணியும் மேல்தண்ணியும் ஒண்ணாத்தான் காட்டும். அன்னிக்கே சொன்னேனேப்பா, அதே கேஸ்னு."

சொன்னாள்தான். சிரிக்கிற அவசரத்தில் மனுஷன் காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது.

வெளியே கார் வந்து நின்றது. சிவப்பிரகாஷ் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். "யாரு இது?"

சுவக்கீன் வாயைத் திறப்பதற்குள் ஜிஸ்மி எழுந்து நின்றாள். "மெக்கானிக் சார். கடைத்தெருவுல விசாரிச்சுக் கூப்பிட்டேன்."

சிவப்பிரகாஷ் கையிலிருந்த ஐஸ்பெட்டியைக் கீழே வைத்தார். "அவசரத்துக்கு ஆளக் கூப்பிட்ட, சரி. சொந்தக்காரன் எவனையாவது உள்ள விட்டிருந்தா இப்பவே உன் பேர வெட்டியிருப்பேன். கொச்சியில இன்னொரு செட் குப்பி இருக்கு. மெஷினச் சுத்தம் பண்ணு. பாக்கலாம்." பிறகு திரும்பினார். "உன் பேரென்னய்யா?"

கதவில் ஒட்டியிருந்த தாளில் ஜிஸ்மி சுவக்கீன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"பாண்டி," என்றார் சுவக்கீன்.

"கேஸப் பத்தி உனக்கு என்ன தெரியும் பாண்டி? ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா போதும்னு கெளம்பி வந்துர்றீங்க. முட்டாப்பய வேலை பாத்திருக்க."

"ஆமா சார்," என்றார் சுவக்கீன். எவனையும் அவர் சார் என்று கூப்பிட்டதில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

சிவப்பிரகாஷ் போனை எடுத்துக்கொண்டு வெளியே காருக்குப் போனார். அவர் குரல் முற்றத்துக்கு அப்பால் தேய்ந்தது. சுவக்கீன் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் போனார். அறையில் வேறு யாரும் இல்லை.

"ஜிஸ்மி," என்றார் மெல்ல.

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"சிலிண்டரையும் எடுத்துட்டுப் போங்க பாண்டியண்ணே," என்றாள். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."